மடியை உதறிக் காட்டுதல்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே அருவருப்பு ஜாஸ்தி. அடுத்தவர் கடித்த கொய்யாவைத் தொட மாட்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் இறங்கியதும் குழாய் தேடுவேன். "இவளுக்கு எதை எடுத்தாலும் 'சீ'தான்" என்று அம்மா சொல்வாள். டீச்சராகி, நாற்பது பிள்ளைகளின் மூக்குச்சளிக்கு நடுவில் இருபது வருடம் ஓட்டிய பிறகும் அந்தக் குணம் என்னைவிட்டுப் போகவில்லை. அதனால் நான் இங்கே சொல்லப்போவதில் பாதி என்னுடைய குணக்கேடு என்று நினைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. மீதிப் பாதி அப்படி இல்லை.

அம்மா பண்ருட்டிப் பக்கத்தில் ஒரு முந்திரிக் கொட்டகையில் முப்பது வருடம் வேலை செய்தவள். கொட்டையை உடைப்பாள், பருப்பின் மேலிருக்கும் சிவப்புத் தோலை உரிப்பாள், முழுசு, பாதி, நொறுங்கல் என்று பிரித்து வைப்பாள். கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். நான் பிறந்த மறுவருடமே அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். என்னை டீச்சர் டிரெய்னிங் வரைக்கும் படிக்க வைத்தது அந்தக் கறுத்த கைதான். முப்பது வருடத்தில் அவள் வேலைக்குப் போகாமல் இருந்தது எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தடவை. நான் மூணாவது படிக்கும்போது காய்ச்சல் என்று இரண்டு வாரம் வீட்டில் கிடந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வீட்டில் இருக்கிறாளே என்று எனக்கு ஒரே குஷி.

சிதம்பரத்தில் எனக்கு வேலை கிடைத்தது, அங்கேயே கல்யாணமும் ஆனது. அம்மா என்ன வேலை செய்தாள் என்று சிதம்பரத்தில் யாராவது கேட்டால் "விவசாயம்" என்று சொல்லிவிடுவேன். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் அப்பா தாசில்தார், மாமனார் இன்ஜினியர் என்று பேசிக்கொண்டிருக்கும்போது முந்திரி உடைக்கிற கூலி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

2007இல், எங்களோடு சிதம்பரத்தில் வந்து இருந்த அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தாள். வீட்டுச் சாவியை அரிசி டின்னுக்குள் போட்டாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போய்ப் பண்ருட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "வேலைக்கி நேரமாச்சி, வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டிருக்கிறாள். கண்டக்டர் நல்ல மனுஷன், இறக்கிவிட்டு எங்களுக்குச் சொல்லியனுப்பினார். நானும் என் வீட்டுக்காரரும் காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவோம். மறுவருடம் கடலூரில் ஓர் இல்லத்தில் அவளைச் சேர்த்தோம். மறதிக்காரர்களுக்கென்றே நடத்துகிற இடம் என்று சொன்னார்கள்.

சனிக்கிழமைதோறும் போவேன். பஸ் செம்மங்குப்பத்து ரசாயன ஆலைகளைத் தாண்டும்போது மருந்து நாற்றம் மூக்கைத் துளைக்கும், ஜன்னலை இழுத்து மூடிக்கொள்வேன். அந்த நாற்றத்தையாவது ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம். இல்லத்தின் ஹாலில் ஃபினாயிலும் மூத்திரமும் கேக் கிரீமும் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். அது என் புடவையிலேயே சிதம்பரம் வரைக்கும் கூட வரும்.

அந்த இல்லத்தை நடத்திய மேடம் அதற்கு முன்னால் நர்சரி பள்ளி நடத்தியவர். பள்ளியை மூடியதும் மிஞ்சிய சாமானை வைத்து இல்லத்தை ஆரம்பித்துவிட்டார். சுவரில் அணில், ஆடு, இலை படங்கள். உட்காரச் சின்னப் பிள்ளைகளுடைய பிளாஸ்டிக் நாற்காலி. எழுபது வயதுக்காரர்கள் முழங்கால் நெஞ்சில் முட்ட அதில் உட்கார்ந்திருப்பார்கள். பதினொரு மணிக்கு மேடம் கைதட்டுவார். அதற்குப் பெயர் ஆக்டிவிட்டி. பந்து உருட்டிவிடுவார்கள், யானைக்குக் கலர் அடிக்கச் சொல்வார்கள், நர்சரிப் பாட்டைப் போட்டுக் கையைத் தூக்கு, இறக்கு என்பார்கள். பிள்ளைகளுக்கே அலுத்துப்போகிற பாட்டு அது.

இதுவாவது பரவாயில்லை. சனிக்கிழமைகளில் வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். தங்கள் பிள்ளையின் பிறந்தநாளை "முதியவர்களோடு" கொண்டாட வேண்டும் அவர்களுக்கு. இருபது பேர் தலையிலும் கூம்புத் தொப்பியை மாட்டி, ரப்பரைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டு, கேக்கை வெட்டி வாயில் திணிப்பார்கள். கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்த ஒருவர் அங்கே இருந்தார். வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. அவருடைய மீசையில் ஒருத்தி கிரீமைத் தடவிவிட்டுச் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாள். அவர் புறங்கையால் துடைத்துவிட்டு, "நீங்கள்லாம் யாரு? எந்த கேஸ் விஷயமா வந்துருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். அதற்கும் ஒரு சிரிப்பு. தூ என்று துப்பவேண்டும் போலிருந்தது எனக்கு. துப்பவில்லை, நானும் ஒரு துண்டுக் கேக்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன்.

அம்மா இதில் எதிலும் சேரவில்லை. பந்தைக் கொடுத்தால் மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் சுரண்டுவாள். கலர் பென்சிலின் காகிதத்தை உரிப்பாள். "உங்கம்மா கோஆப்ரேட் பண்ண மாட்டேங்குறாங்க டீச்சர்" என்று மேடம் என்னிடம் புகார் சொல்வார், நான் என் வகுப்புப் பிள்ளையின் அம்மாவிடம் சொல்வதைப் போலவே. உரிக்க ஒன்றும் கிடைக்காதபோது அம்மா தன் கையையே உரிக்க ஆரம்பித்தாள். முதலில் நகக்கண், பிறகு விரல், பிறகு முழங்கை வரைக்கும். அங்கங்கே ரத்தம் கட்டிப் பொருக்கு நின்றது. ஒரு சனிக்கிழமை போனால் இரண்டு கையிலும் சாக்ஸை மாட்டி, மணிக்கட்டில் பிளாஸ்திரி சுற்றி வைத்திருந்தார்கள். சாக்ஸின் முனை எச்சிலில் ஊறிப் பழுப்பேறியிருந்தது. பல்லால் கழற்றப் பார்த்திருக்கிறாள்.

"இப்பிடியே போனா நாங்க வெச்சிக்க முடியாது டீச்சர். புண்ணுல சீழு வெச்சிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் மேடம்.

நான் சாக்ஸைக் கழற்றி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுடைய கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் வழுக்கிப் போய்த் திரும்பியது. மறுபடியும் அதே மாதிரி. அரைமணி நேரம் பார்த்தபிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. முந்திரித் தோல் உரிக்கிற கை அது. அந்தக் கையைப் பார்த்துக்கொண்டுதான் நான் வீட்டுப்பாடம் எழுதி வளர்ந்தேன்.

அடுத்த வாரம் தெரிந்தவர் மூலம் தோல் உரிக்காத பருப்பு அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போனேன். எவர்சில்வர் தட்டில் கொட்டி அம்மாவின் முன்னால் வைத்தேன். அவள் நாற்காலியைவிட்டு எழுந்து தரையில் உட்கார்ந்தாள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, முந்தானையை மடியில் விரித்துக்கொண்டாள். உரிக்க ஆரம்பித்தாள். முழுசு ஒரு பக்கம், பாதி ஒரு பக்கம், நொறுங்கல் ஒரு பக்கம். என் பெயர் நினைவில்லாத மூளை ஒரு பருப்பைக்கூடத் தப்பான குவியலில் போடவில்லை. நான் ஒன்றை எடுத்து உரித்தேன். "நகம் வெட்டிட்டு வரக்கூடாதா? பருப்பு கீறுது பாரு" என்று அதட்டினாள். வருடக்கணக்கில் அவளிடம் நான் திட்டு வாங்கவில்லை. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"ஒண்ணு வாயில போட்டுக்கம்மா" என்றேன்.

அவள் முகம் மாறியது. "மேஸ்திரி பார்ப்பாரு" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

தட்டு காலியானதும் எழுந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் பிடித்து விரித்து, வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை உதறினாள். கொசுவத்தைத் தட்டினாள். இடுப்பை ஒருமுறை முழுசாகத் திருப்பிக் காட்டினாள். பிறகு அப்படியே நின்றாள். என்ன வேண்டும் அவளுக்கு என்று எனக்குத் தெரியும். கொட்டகையில் சாயங்காலம் வேலை முடிந்தால் பெண்களெல்லாம் வரிசையாக நின்று மேஸ்திரிக்கு முன்னால் மடியை உதறிக் காட்டவேண்டும், பருப்பு எதையும் ஒளித்து வைக்கவில்லை என்று. பார்த்துவிட்டு அவர் "சரி, போ" என்பார். அவர் சொல்லாமல் யாரும் வாசலைத் தாண்டக்கூடாது. சின்னப் பிள்ளையில் கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். சுற்றிச் சுற்றிக் காட்டுகிற அம்மாவைப் பார்க்கப் பிடிக்காமல் வேறுபக்கம் திரும்பிக்கொள்வேன்.

"சரி, போ" என்றேன். அம்மா போய்க் கட்டிலில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

அங்கே வேலை செய்த ஓர் ஆயம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு, பிச்சாவரத்துப் பக்கத்துக்காரி. தினமும் ஒரு தட்டு கொடு, முடிந்ததும் "சரி, போ" என்று சொல் என்றேன். உரித்த பருப்பை நீயே எடுத்துக்கொள், சமையலில் போடு என்றும் சொன்னேன். ஏன் எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஒரே மாதத்தில் அம்மாவின் கைப்புண் ஆறிவிட்டது. சாக்ஸ் குப்பைக்குப் போனது. அந்த ஐந்தாறு மாதம் நான் பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே கடலூருக்குப் போனேன்.

ஒரு சனிக்கிழமை காலேஜ் பெண்கள் வந்திருந்தார்கள். அம்மா தட்டை முடித்துவிட்டு எழுந்து மடியை உதறினாள். வலப்பக்கம், இடப்பக்கம், ஒரு சுற்று. "ஐயோ, ஆயா சூப்பரா ஆடுறாங்க" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி செல்போனில் குத்துப்பாட்டைப் போட்டாள். பத்துப் பேர் வட்டமாக நின்று கைதட்டினார்கள். யாரும் "சரி, போ" என்று சொல்லாததால் அம்மா மறுபடி உதறினாள். மறுபடி சுற்றினாள். அவர்கள் இன்னும் வேகமாகத் தட்டினார்கள். அவள் கண் கூட்டத்தில் யாரையோ தேடியது. "மறதி வந்தும் இவ்ளோ நல்லா ஆடுறாங்களே, சின்ன வயசுல கத்துக்கிட்டாங்களா ஆன்ட்டி?" என்று என்னைக் கேட்டாள் ஒருத்தி.

இது ஆட்டம் இல்லை, என் அம்மா திருடவில்லை என்று காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்களில் இரண்டு பேர் சிதம்பரம். ஒருத்தியின் அம்மா எங்கள் ஸ்கூலில் கணக்கு டீச்சர். நான் பல்லைக் காட்டி, "ஆமா, ஆசைதான் அவுங்களுக்கு" என்றேன். கிரீமை மீசையில் தடவியவளைப் பார்த்துத் துப்ப நினைத்த வாய்தான் இதையும் சொன்னது. அன்றிலிருந்து அம்மாவுக்கு அங்கே "டான்ஸ் ஆயா" என்று பெயர் விழுந்தது. யார் வந்தாலும் முதலில் தட்டு, பிறகு பாட்டு.

மறுவருடம் தேருக்குச் சிதம்பரத்தில் உள்ளூர் விடுமுறை விட்டார்கள். அது ஒரு வேலை நாள், என்னை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. ஹாலுக்குள் நுழைந்தால் நாற்காலியெல்லாம் சுவரோரம் கிடந்தன. பதினைந்து கிழவிகள் தரையில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கோணிச்சாக்கு, அதில் பருப்பு. மேடத்தின் தம்பிக்குப் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம். சனி, ஞாயிறு தவிரத் தினம் காலையில் மூட்டை வருமாம், சாயங்காலம் உரித்ததை வண்டி வந்து எடுத்துப்போகுமாம். ஆயுளில் முந்திரித் தோலையே பார்த்திராத ஒரு ரிடையர்டு டைப்பிஸ்ட் அம்மாளின் நகக்கண்ணில் ரத்தம் வந்திருந்தது. ஒருவர் உட்கார்ந்த இடத்திலேயே ஈரம் பண்ணியிருந்தார், அந்த ஈரம் ஓடிவந்து பருப்புக் குவியலைத் தொட்டுக்கொண்டிருந்தது. யாரும் எழுப்பவில்லை. இந்தப் பருப்பு எந்த வீட்டுப் பாயசத்துக்குப் போகுமோ.

அதைவிடக் கேவலம் வரிசையின் கடைசியில் நடந்தது. புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருத்தி ஒரு கிழவியின் தாடையை அழுத்தி வாயைத் திறக்க வைத்து, விரலை விட்டுத் துழாவி, பாதி மென்ற பருப்பை வெளியே எடுத்தாள். "தின்னுட்டே இருக்குது டீச்சர் இது, சொன்னா கேக்கறதே இல்ல" என்று என்னிடமே காட்டினாள். அந்த எச்சில் பருப்பைத் துடைத்துக் குவியலில் போட்டாள்.

எனக்கு மூணாவது படித்த நாள் ஞாபகம் வந்தது. எங்கள் வகுப்பில் ஒரு பெண் முந்திரி கொண்டுவந்து தின்றாள். நானும் வேண்டும் என்று வீட்டில் அழுது புரண்டேன். முந்திரிக் கொட்டகைக்காரியின் மகள், முந்திரி தின்றதில்லை. மறுநாள் சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்ததும் கன்னத்துக்குள்ளிருந்து நாலு பருப்பைக் கையில் துப்பினாள். வாய்க்குள் அடக்கி மேஸ்திரியைத் தாண்டி வந்திருக்கிறாள். கழுவி நீட்டினாள். "சீ, எச்சில்" என்று நான் தொடவே இல்லை. அம்மா அதைத் தானே தின்றுவிட்டாள். அதற்குப் பிறகும் நான் சில நாள் கேட்டு அழுதேன்.

அன்று அந்த ஹாலில் நான் போட்ட சத்தத்தைக் கடலூரே கேட்டிருக்கும். தட்டுகளை எட்டி உதைத்தேன். "வைத்தியம் பாக்குறேன்னு வேலை வாங்குறியா? மனுஷியா நீ?" என்று மேடத்தைக் கேட்டேன்.

அவர் பதறவே இல்லை. "நீங்கதானே டீச்சர் ஆரம்பிச்சி வெச்சீங்க? உங்கம்மாவப் பாருங்க. எவ்ளோ நிம்மதியா இருக்காங்க. பந்து உருட்டுனா இப்பிடி இருப்பாங்களா?" என்றார்.

பார்த்தேன். என் கூச்சல் எதுவும் காதில் விழாமல் அம்மா உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொம்பளை சொன்னதில் உண்மை இருந்ததுதான் எனக்கு இன்னும் பற்றி எரிந்தது. மற்ற குடும்பங்களுக்குப் போன் போட்டேன். தலைமை எழுத்தரின் மகன் வந்து கத்தினார், இன்னும் நாலு பேர் வந்தார்கள். மூட்டை வருவது நின்றது. ஜெயித்துவிட்டேன் என்று தேர்வுப் பேப்பர் திருத்தப் போனேன். இரண்டு சனிக்கிழமை கடலூருக்குப் போகவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை போனபோது ஹாலில் நாற்காலிகள் பழைய இடத்தில் இருந்தன. பந்து, யானை, பாட்டு. அம்மாவின் தலையில் கூம்புத் தொப்பி, கையில் புது சாக்ஸ். என் பையிலிருந்த அரைக்கிலோவைப் பார்த்த மேடம், "இனிமே முந்திரியே உள்ள வரக்கூடாது. நீங்கதானே நிறுத்தச் சொன்னீங்க" என்றார்.

பிச்சாவரத்து ஆயம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டாள். "பதினஞ்சு நாளா சாப்பாடே சரியா எறங்கல டீச்சர். யாரு வந்தாலும் எழுந்து மடிய ஒதறிக் காட்டுறாங்க. பால்காரரு வந்தாலும் காட்டுறாங்க, டாக்டரு வந்தாலும் காட்டுறாங்க. நான் 'சரி, போ'ன்னு சொன்னாலும் போவல" என்றாள்.

நான் அம்மாவின் தொப்பியைக் கழற்றினேன். ரப்பர் தாடையில் சிவப்பாகப் பதிந்திருந்தது. சாக்ஸை அவிழ்த்தேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சட்டென்று எழுந்து நின்று முந்தானையை விரித்து வலப்பக்கம் உதறினாள், இடப்பக்கம் உதறினாள், சுற்றிக் காட்டினாள்.

"மேஸ்திரி, பாருங்க. இப்ப ஒண்ணும் இல்ல" என்றாள்.

"சரி, போ" என்றேன்.

அவள் போகவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அன்னிக்கி எடுத்தது நெசந்தான். நாலே நாலு பருப்பு. எம்பொண்ணு கேட்டு அழுவுது. முன்ன வாயில வெச்சி எடுத்தும் போனேன், எச்சில்னு திங்கல. அதான் மடில வெச்சேன். இனிமே எடுக்க மாட்டேன். ரெண்டு வாரமா நிறுத்தி வெச்சிருக்கீங்க, வேலைக்கி சேத்துக்குங்க மேஸ்திரி."

பின்னால் யாரோ பாட்டுப் போட்டார்கள். டான்ஸ் ஆயா எழுந்துவிட்டாள் என்று கைதட்டல் கேட்டது. "பாட்ட நிறுத்துங்க. அவுங்க ஆடல. முந்திரிக் கொட்டகைல முப்பது வருஷம் வேலை செஞ்ச எங்கம்மா அவுங்க. எதையும் எடுக்கலன்னு காட்டுறாங்க" என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னேன். பாட்டு நின்றது.

"நாளைக்கிக் காலைல வேலைக்கி வந்துடு" என்று அம்மாவிடம் சொன்னேன்.

அவள் முகம் தெளிந்தது. இரண்டடி போனவள் திரும்பி வந்து என் கையைப் பிடித்தாள்.

"எம்பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மேஸ்திரி. காய்ச்சல்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்லல, போ" என்றேன். அம்மா போய்ப் படுத்துக்கொண்டாள்.